அப்பாவுக்கு பீஎஸ்ஏ 7.4: உடனே கொழும்புக்குக் கொண்டு போவதா?

2025 நவம்பர் 4, பின்னேரம் 5.10
(கேள்வி: களுவாஞ்சிகுடி மகன்)

அப்பாவுக்கு 71 வயது. கமக்காரர், இன்றைக்கும் சைக்கிளில்தான் வட்டைக்குப் போய் வருகிறார். கட்டாரில் இருக்கும் அண்ணன் காசு அனுப்பி, ஒரு தனியார் லாப்பில் 'முழு உடம்பு செக்கப்' செய்ய வைத்தார். சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் பரவாயில்லை. பீஎஸ்ஏ (சலப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புரொஸ்டேட் சுரப்பிக்காக எடுக்கும் இரத்த டெஸ்ட்) மட்டும் 7.4 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. பக்கத்தில், 4க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். இரவில் இரண்டு தரம் சலம் போக எழும்புவார், அதைவிட ஒரு வருத்தமும் இல்லை. அண்ணன் உடனே மகரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்கிறார். மச்சான் ஒருவர், ஊசி குத்திச் சதை எடுத்தால் கேன்சர் கிளம்பிப் பரவிவிடும், தொடாமல் விடு என்கிறார். அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவதே இல்லை. விளங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2025 நவம்பர் 4, இரவு 9.40

கொழும்பு இரவு பஸ்ஸுக்கு இன்னும் சீட் போட வேண்டாம்.

நான் டொக்டர் இல்லை. அரச ஆஸ்பத்திரி லாப்களில் எம்.எல்.ரி.யாக (இரத்தம், சலம் பரிசோதிக்கும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக) வேலை செய்து ஓய்வுபெற்றவன். அந்தச் சிவப்பு எழுத்தை மெஷின்தான் போடுகிறது. 4ஐத் தாண்டினால் 4.1க்கும் சிவப்பு, 400க்கும் அதே சிவப்பு. அப்பாவின் வயதோ, அவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்ததோ அதற்குத் தெரியாது.

முதலில் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். இரத்தம் கொடுப்பதற்கு முந்திய கிழமைகளில் சலம் எரிந்ததா, குளிர்காய்ச்சல் வந்ததா? எங்காவது சலம் போகக் குழாய் போட்டார்களா? இரண்டு நாளுக்குள் நீண்ட தூரம் சைக்கிள் ஓடினாரா? அதே இரண்டு நாளுக்குள் அம்மாவுடன் சேர்ந்தாரா? இந்தக் கடைசிக் கேள்வியை மகன் கேட்க முடியாது, ஒரு மாமாவையோ குடும்ப டொக்டரையோ விட்டுக் கேளுங்கள். 71 வயதில் என்ன இது என்று சிரிக்க வேண்டாம், லாப்பில் இருந்தவன் சொல்கிறேன். கடைசியாக, சலம் இலகுவாகப் போக என்று யாராவது குளிசை கொடுத்திருக்கிறார்களா? பெயரைப் பார்த்து எழுதுங்கள்.

குளிசையைத் தவிர மற்றவற்றில் ஒன்றுக்காவது 'ஓம்' என்று பதில் வந்தால் 7.4ஐ வைத்து ஒரு முடிவும் கட்ட ஏலாது. ஆறு கிழமை பொறுத்து மறுபடி எடுக்க வேண்டும்.

2025 நவம்பர் 5, காலை 6.15

குளிசையை ஏன் கேட்டேன் என்றால்: பினாஸ்டெரைட், டியூட்டாஸ்டெரைட் என்ற இரண்டும் ஆறு மாதம், ஒரு வருடம் குடித்தால் பீஎஸ்ஏயைப் பாதியாக்கிவிடும். அதைக் குடிக்கிறவருக்கு 3.5 வந்தால் மெஷின் கறுப்பு எழுத்தில் போடும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகப் படுப்பார்கள். டொக்டர் அதை 7 என்று வாசிக்க வேண்டும். பாமசியில் நேரே வாங்கிக் குடிப்பவர்கள் இதை டொக்டருக்குச் சொல்வதில்லை. டம்சுலோசின் அப்படி இல்லை, அது எண்ணைத் தொடாது.

2025 நவம்பர் 5, இரவு 10.05

இங்கே ஒருவர் "பீஎஸ்ஏ என்றால் கேன்சர் கிருமிதானே" என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. ஆணாகப் பிறந்த எல்லோருக்கும் இருக்கிற புரதம் அது. புரொஸ்டேட் சுரப்பி அதை விந்துக்காகச் செய்கிறது. இரத்தத்துக்குள் கசிவது ஒரு துளி, விந்தில் இருப்பது அதைப்போலப் பல இலட்சம் மடங்கு.

அதன் வேலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விந்துப் பரிசோதனைக்கு வரும் சாம்பிள் முதலில் கட்டிக் கூழாக இருக்கும், பிப்பெட்டில் ஏறாது. மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். அரை மணித்தியாலத்துக்குள் தானாக இளகித் தண்ணியாகிவிடும். இளக்கியது பீஎஸ்ஏதான். விந்தணு நீந்துவதற்கு வழி விடுகிறது. அதே புரதத்தை அடுத்த அறையில் இரத்தத்தில் தேடி, ஒரு மனிசனின் நித்திரையைக் கெடுக்கிறோம்.

சுரப்பி வீங்கினாலும் கசியும், அழற்சி வந்தாலும் கசியும், கேன்சர் வந்தாலும் கசியும். 4க்கும் 10க்கும் இடையில் எண் வருகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் பயொப்சியில் (ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதில்) கேன்சர் தெரிகிறது. மறுபக்கமும் இருக்கிறது. 2004இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 4க்குக் கீழே இருந்தவர்களுக்கும் பயொப்சி எடுத்துப் பார்த்தார்கள், 15 வீதமானோருக்குக் கேன்சர் இருந்தது. 4 என்பது ஆட்கள் போட்ட கோடு.

இந்தப் புரதத்தை 1970இல் கண்டெழுதியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஏப்ளின். 1986இல் அமெரிக்கா இந்த டெஸ்டுக்கு அனுமதி கொடுத்தபோது, ஏற்கெனவே கேன்சர் உள்ளவரைக் கண்காணிக்கத்தான் கொடுத்தது. சுகமாக இருப்பவரிடம் கேன்சரைத் தேடுவதற்கான அனுமதி 1994இல் வந்தது. அப்புறம் அது காட்டுத்தீ. 2010இல் அதே ஏப்ளின், எல்லோரையும் பிடித்து இந்த டெஸ்ட் செய்வது பிழை என்று பத்திரிகையில் எழுதினார். கண்டுபிடித்தவரே திட்டுகிற டெஸ்ட் வேறு எதுவும் என் அனுபவத்தில் இல்லை.

2025 நவம்பர் 6, மத்தியானம்

மச்சானுக்கு: பயொப்சி ஊசியால் புரொஸ்டேட் கேன்சர் பரவுவது மிக மிக அரிது. பயப்பட வேண்டியது கிருமித் தொற்றுக்கு. மலவாசல் வழியாக ஊசி போனால் காய்ச்சல், இரத்தத்தில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் மறுபடி படுத்தவர்கள் உண்டு. அதனால்தான் இப்போது பல இடங்களில், விதைப்பைக்கும் மலவாசலுக்கும் நடுவிலுள்ள தோல் வழியாக எடுக்கிறார்கள். இரத்தம் இளக்கும் குளிசை, அஸ்பிரின் குடிப்பவர் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, நேரே ஊசிக்குப் போகாமல் முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முறை. 2018இல் வந்த 'பிரிசிஷன்' ஆய்வு, 11 நாடுகள், 500 பேர். எம்.ஆர்.ஐ. எடுத்த பக்கத்தில் 28 வீதமானவர்களுக்கு ஊசியே தேவைப்படவில்லை. அப்படியிருந்தும், வைத்தியம் செய்ய வேண்டிய மோசமான கேன்சரைக் கூடுதலாகக் கண்டுபிடித்தது அந்தப் பக்கம்தான், 38 வீதம். நேரே ஊசி குத்திய பக்கத்தில் 26 வீதம். உங்கள் டொக்டரிடம் "முதல் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா சேர்?" என்று கேளுங்கள். கேட்டால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் வேறு டொக்டரைப் பாருங்கள்.

2025 நவம்பர் 8, இரவு 11.20

காரைதீவு அன்பர் நீளமாக எழுதியிருக்கிறார். டிசம்பரில் அவர்களுடைய கழகம் முகாம் வைக்கப் போகிறதாம். 50 தாண்டிய எல்லா ஆண்களுக்கும் இலவச பீஎஸ்ஏ. "நீங்கள் ஆட்களைப் பயப்படுத்தி டெஸ்டை விட்டு ஓட வைக்கிறீர்கள்" என்று என்மேல் குற்றச்சாட்டு.

சரி, எண்களைப் பார்ப்போம். ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 55 முதல் 69 வயது வரையான 162,000 ஆண்களை 1990களிலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். 23 வருடத்துக் கணக்கு போன மாதக் கடைசியில்தான் வந்தது. பீஎஸ்ஏக்கு அழைக்கப்பட்டவர்களில் புரொஸ்டேட் கேன்சரால் செத்தவர்கள் 13 வீதம் குறைவு. கேட்க நல்லாயிருக்கிறது. அதையே வேறு மாதிரிச் சொன்னால்: 456 பேரை அழைத்தால் ஒரு சாவைத் தடுக்கலாம். கேன்சர் என்று கண்டுபிடிக்கப்பட்ட 12 பேருக்கு ஒரு சாவு தடுக்கப்படுகிறது. அந்த ஒருவர் உங்கள் அப்பாவாக இருந்தால் அது 100 வீதம், அதை நான் மறுக்கவில்லை. மற்றப் பதினொரு பேரையும் யோசியுங்கள். அவர்களில் கன பேர், கேன்சர் இருப்பதே தெரியாமல் வேறொரு வருத்தத்தில் வயதுபோய்ச் செத்திருப்பார்கள். இப்போது ஒப்பரேஷன், கதிர்ச் சிகிச்சை, சலம் கசிதல், வீட்டில் ஒதுங்கிப் படுத்தல் என்று காலம் போகும்.

இங்கிலாந்தில் 'புரொடெக்ட்' என்றொரு ஆய்வு. பீஎஸ்ஏயால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த 1,643 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒப்பரேஷன், கதிர், சும்மா கண்காணிப்பு. 15 வருடம் கழித்து, 2023இல் கணக்குப் பார்த்தால், எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் 97 வீதமானோர் இந்தக் கேன்சரால் சாகவில்லை. ஒப்பரேஷன் செய்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் சலம் கசிவதால் வருடக்கணக்காகப் பாட் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்த மனிசர்களை நினைத்துப் பாருங்கள். கோயிலில் சப்பாணி கட்டி உட்கார ஏலாது, சாரத்தோடு சந்திக்குப் போக ஏலாது.

முகாமில் 300 பேருக்கு இரத்தம் எடுப்பீர்கள். முப்பது நாற்பது பேருக்காவது சிவப்பு எழுத்து வரும். அடுத்த நாள் அவர்களை எங்கே அனுப்புவீர்கள்? சத்திரசிகிச்சைக் கிளினிக் வாசலில் விடிய நாலு மணிக்கு நம்பர் எடுக்க நிற்கிற வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் இரத்தமாகச் சலம் போகிறவரும் நிற்பார், உங்கள் முகாமின் 4.3ம் நிற்பார்.

ஆண்களுக்குத்தான் முகாம் என்றால் ஒரு ரோர்ச் லைட்டை வாங்கி வாயைப் பாருங்கள். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோயில் முதலிடம் உதடு, வாய், தொண்டை. வெற்றிலை, பாக்கு, புகையிலையை நாள் முழுக்க ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கும் ஊர் இது. வெள்ளைப் படையையும் ஆறாத புண்ணையும் பார்க்க மெஷின் தேவையில்லை, ஆளும் அந்த இடத்திலேயே நிற்பார்.

2025 நவம்பர் 9

தக்காளிச் சம்பல் புரொஸ்டேட்டுக்கு நல்லதா என்று கேட்டவருக்கு: சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். புரொஸ்டேட்டுக்கு என்று சாப்பிட வேண்டாம், ஆய்வுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன.

கனடாவிலிருந்து மகள் அனுப்பும் விற்றமின் ஈ பற்றிக் கேட்டவர் கொஞ்சம் கவனியுங்கள். 35,533 ஆண்களை வைத்து 'செலக்ட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. விற்றமின் ஈயும் செலீனியமும் இந்தக் கேன்சரைத் தடுக்கும் என்று நம்பித்தான் தொடங்கினார்கள். 2011இல் முடிவைப் பார்த்தால், விற்றமின் ஈ மட்டும் குடித்தவர்களுக்குக் கேன்சர் 17 வீதம் கூட. போத்தலை மகளிடமே திருப்பி அனுப்புங்கள், அன்பு மட்டும் போதும் என்று சொல்லி.

2025 நவம்பர் 12, இரவு

சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர்: "இப்ப பெரும்போகம். முதுகில டாங்கியைக் கட்டிக்கொண்டு புல்லெண்ணெய் (களைநாசினி) அடிக்கிறம். இதால புரொஸ்டேட் கேன்சர் வருமா, பிள்ளை இல்லாமப் போகுமா?"

நல்ல கேள்வி, இரண்டும் வேறு வேறு கேள்வி.

கேன்சர் பக்கம்: அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் கிருமிநாசினி அடிக்கும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கமக்காரரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். மலத்தியன், டெர்புபொஸ் போன்ற சில மருந்துகளைக் கூடுதலாகப் பாவித்தவர்களிடம், வேகமாகப் பரவும் வகைப் புரொஸ்டேட் கேன்சர் கூடுதலாக இருந்தது என்று 2013இல் எழுதினார்கள். எல்லா மருந்துக்கும் அப்படி வரவில்லை. சேர்ந்து காணப்படுகிறது என்பதால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் ஏலாது. மலத்தியன் என்றால் அந்தக் காலத்தில் மலேரியாவுக்கு வீடு வீடாக வந்து சுவரில் அடித்த அதே சாமான். மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. சுவரில் வருடத்துக்கு ஓரிரு தரம் அடித்த வீட்டில் இருந்ததும், அதையே தொழிலாக அடித்ததும் ஒன்றில்லை, அதனால் என் வயதுக்காரர் பதற வேண்டாம்.

பிள்ளைப் பக்கம் இன்னும் தெளிவு. 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற புழுநாசினி தயாரித்த தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக் கதையில் ஒன்றைக் கவனித்தார்கள்: அந்தப் பிரிவில் ஒருவருக்கும் பிள்ளை பிறக்கவில்லை. பரிசோதித்தால் பலரிடம் விந்தணுவே இல்லை. அதைக் கண்டுபிடித்தது கம்பனி இல்லை, டொக்டர் இல்லை, கதைத்துக்கொண்டிருந்த தொழிலாளிகள். 1979இல் அமெரிக்கா அதைப் பெரும்பாலும் நிறுத்தியது.

நீங்கள் அடிப்பது அது இல்லை. என்றாலும் கையுறை, முழுக்கைச் சேட், காற்றுக்கு முதுகு காட்டி அடித்தல், வந்தவுடன் குளித்தல். டாங்கி ஒழுகி முதுகும் சாரமும் நனைந்த பின்னும் "முடிச்சிட்டுப் போவம்" என்று நிற்கிறீர்களே, அதை விடுங்கள். தோலால்தான் கூடுதலாக உள்ளே போகிறது.

2025 நவம்பர் 13, காலை

பிள்ளைக் கதை எடுத்தவுடன் தனிச் செய்திகள் குவிகின்றன. பேர் போடாமல் ஒன்றை மட்டும் இங்கே எடுக்கிறேன். அக்கரைப்பற்றுத் தங்கச்சி ஒருவர். கல்யாணம் முடித்து நாலு வருடம். ஸ்கேன், ஹோர்மோன், கருக்குழாய்ப் படம் எல்லாம் இவருக்கு எடுத்தாயிற்று. "மாமி என்ட குறை எண்டுதான் சொல்றா. அவர் ஒரு டெஸ்டுக்கும் வாறாரில்ல."

பிள்ளை தங்காத சோடிகளில் ஏறத்தாழப் பாதியில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆணுடைய பரிசோதனை மலிவு, ஊசி கிடையாது, அன்றைக்கே முடிவு. நியாயத்துக்கு அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நான் பார்த்தது, பெண் எல்லாவற்றையும் முடித்துக் கடைசியில் பைலோடு வந்து நிற்பார், மனிசன் வெளியே ஓட்டோவில் இருப்பார்.

அவர் வராததற்கு எங்கள் லாப்களும் ஒரு காரணம். சாம்பிள் எடுக்க அறை கிடையாது. ஒரு இடத்தில் கக்கூஸைக் காட்டினார்கள், கதவுக்குக் கொழுக்கி இல்லை, வெளியே சலம் கொடுக்க நிற்கிற வரிசை. எந்த ஆம்பிளைக்கு இது ஏலும்? ஆகவே வீட்டில் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறோம். வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு பொடியன் வந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள், சாம்பிள் பழுதாகக் கூடாது என்று. ஐஸ் கட்டி நிறைத்த மீன் பெட்டிக்குள் போத்தலை வைத்துக் கொண்டுவந்தான். அத்தனையும் அசையாமல் கிடந்தது. அவனிடம் நான் சொன்னது இதுதான்: மூடியுள்ள சுத்தமான போத்தலை லாப்பிலேயே முதல் நாள் வாங்கு. ஆணுறையில் எடுக்காதே, அதிலுள்ள மருந்து விந்தணுவைக் கொல்லும். போத்தலைச் சேட்டுக்குள் உடம்போடு ஒட்டி வை, ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டு வா. இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்குக் கூடாமல் விலகியிருந்துவிட்டு எடு. அடுத்த தரம் வந்தபோது நுணுக்குக்காட்டியில் ஓடித் திரிந்தன. முதல் றிப்போர்ட்டை மட்டும் நம்பியிருந்தால் அவன் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும்.

2025 நவம்பர் 13, பின்னேரம்

காலையில் விட்டுப்போனவை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் போட்ட கீழ் எல்லை: ஒரு மில்லிலீற்றரில் ஒரு கோடியே 60 இலட்சம் விந்தணு, அளவு 1.4 மில்லிலீற்றர். பிள்ளை பெற்ற ஆண்களில் கடைசி 5 வீதமானோர் நிற்கும் இடம் அது. அதற்குக் கீழே வந்தால் 'பிள்ளை இல்லை' என்று அர்த்தமில்லை, மேலே வந்தால் உத்தரவாதமும் இல்லை. பீஎஸ்ஏயின் 4ஐப் போல இதுவும் ஒரு கோடு.

ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் பிடிக்கும். ஆகவே இன்றைக்கு எடுத்த றிப்போர்ட், செப்டெம்பரில் உடம்பு எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறது. கடுங்காய்ச்சல் வந்து போனால் எண்ணிக்கை விழும். மழை தொடங்கிவிட்டது, டெங்குக் காலம். காய்ச்சல் வந்தவர்கள் மூன்று மாதம் கழித்து எடுங்கள், ஒரு தரத்தோடு முடிவு கட்டாதீர்கள்.

ஜிம் பொடியன்களுக்கு ஒரு வசனம்: சதை போட அடிக்கும் டெஸ்டஸ்டெரோன் ஊசி, விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். ஆம்பிளைத்தனத்துக்கு என்று போட்டு, சாம்பிளில் பூச்சியம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2025 நவம்பர் 15

"தலைப்பு புரொஸ்டேட், நீங்கள் எங்கேயோ போய்விட்டீர்கள்" என்கிறார் ஒருவர். எங்கேயும் போகவில்லை. மனைவி இறந்து 48 வயதில் மறுமணம் முடித்த ஒருவர் சலத் தடைக்கு டம்சுலோசின் குடிக்கிறார், புது மனைவிக்குப் பிள்ளை ஆசை. அந்தக் குளிசை சிலருக்கு விந்து வெளிவருவதைக் குறைக்கும், சிலருக்கு ஒன்றும் வராது. நிறுத்தினால் திரும்பும். ஆனால் வீங்கிய சுரப்பியைக் குழாய் விட்டுச் சுரண்டி எடுக்கும் ஒப்பரேஷனுக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு விந்து முன்னால் வராது, சலப்பைக்குள் பின்னால் போகும். உயிருக்கு ஆபத்தில்லை, இன்பமும் போகாது, பிள்ளைதான் கஷ்டம். கேன்சருக்குச் சுரப்பி முழுவதையும் எடுத்தால் விந்தே கிடையாது. நரம்பைக் காப்பாற்றி ஒப்பரேஷன் செய்யும் முறையை 1982இல் பட்ரிக் வோல்ஷ் அமெரிக்காவில் தொடங்கினார், அது விறைப்புக்கு உதவும், விந்துக்கு இல்லை. வாட்டில் கையெழுத்து வாங்கும்போது வயதைப் பார்த்து ஒருவரும் இதைச் சொல்வதில்லை. நீங்களாகக் கேளுங்கள்.

2025 நவம்பர் 17, இரவு 12.40

காரைதீவு அன்பரின் இரண்டாவது பதிலை வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை. அவருடைய தமையனுக்கு நாரி நோவு. வாய்வு என்று எண்ணெய் பூசி, பத்துப் போட்டு, முறிவு வைத்தியரிடம் நீவி, மாதக்கணக்காக இழுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் முள்ளந்தண்டெல்லாம் கேன்சர். பீஎஸ்ஏ ஆயிரத்துக்கு மேல். இப்போது முகாம் ஏன் அவருக்கு இவ்வளவு முக்கியம் என்று விளங்குகிறது.

என் பெரியப்பாவும் அப்படித்தான் வந்தார். மண்டூர்ப் பக்கத்துக் கமக்காரர், உரமூட்டையைத் தனியே தூக்குகிற ஆள். தொடை எலும்பில் நோ, நடக்க ஏலாது. விதை இரண்டையும் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியம்மாதான் கேட்டா: "எடுத்தா நோ நிக்குமா, ஐயா?" நிற்கும் என்றார். "அப்ப எடுங்க." பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு இனி என்ன வேலை, பென்சன் குடுப்பம்" என்றார்.

இதில் அதிசயம் என்னவென்றால் நோ கெதியாக நின்றது. சில நாளில் எழும்பி உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். புரொஸ்டேட் கேன்சர் ஆண் ஹோர்மோனைத் தின்று வளர்கிறது, அதை வெட்டினால் சுருங்குகிறது என்று 1941இல் சிக்காகோவில் சார்ள்ஸ் ஹகின்ஸ் காட்டினார். 1966இல் நோபல் பரிசு. இப்போது அதே வேலையை மாதத்துக்கு அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி செய்கிறது. ஊசி தொடர்ந்து போட வேண்டும், விலை கூட, தட்டுப்பாடும் வரும். ஒப்பரேஷன் ஒரு தரம். பெரியப்பாவுக்கு அதன் பிறகு உடம்பு திடீரென்று கொதிக்கும், ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருப்பார். "இப்பதான் உங்கட வருத்தம் விளங்குது" என்று பெரியம்மாவிடம் சொல்வார். சில வருடம் நல்லாக இருந்தார்.

ஆகவே நான் முந்திச் சொன்னதோடு இதைச் சேர்த்து வாசியுங்கள். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்தக் கேன்சர் வந்திருந்தால் உங்கள் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு. தாய், சகோதரி பக்கத்தில் இளவயது மார்புப் புற்று இருந்தாலும் கவனிக்க வேண்டும், பிஆர்சிஏ2 என்ற மரபணுக் கோளாறு இரண்டுக்கும் பொது. இவர்கள் 45 வயதில் டொக்டரோடு பீஎஸ்ஏ பற்றிக் கதைக்கலாம். காரைதீவு அன்பரே, நீங்கள் முதல் ஆள், முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். எல்லோரையும் வரிசையில் நிறுத்துவதற்கு நான் இன்னும் எதிர்தான். நாரி நோவோடு ஐம்பது தாண்டிய ஆண் வந்தால் எண்ணெய்ப் போத்தலை எடுக்க முதல் சலம் எப்படிப் போகிறது என்று கேட்க வேண்டும், அதில் உங்களோடு நூறு வீதம் நிற்கிறேன்.

2025 நவம்பர் 18

களுவாஞ்சிகுடித் தம்பி எழுதியிருக்கிறார்: சலத்தில் கிருமி இருந்ததாம், அன்டிபயோட்டிக் தொடங்கியிருக்கிறார்கள். அம்மா சாப்பிடுகிறா. நல்லது, ஆனாலும் கதை முடியவில்லை. ஆறு கிழமை என்று சொன்னேன், தொற்று பலமாக இருந்தால் எண் இறங்க மாதங்கள்கூட எடுக்கும். ஜனவரியில் அதே லாப்பில் எடுங்கள், மெஷினுக்கு மெஷின் எண் கொஞ்சம் மாறும். 7.4 குறைந்து வந்தால் டொக்டரிடம் காட்டிவிட்டு வருடத்துக்கு ஒரு தரம் என்று போகலாம். குறையாவிட்டால் மலவாசலில் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. அதற்கு முதலில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக் போதும். அண்ணனிடம் சொல்லுங்கள், டொக்டர் எழுதித் தந்தால் மகரகமவுக்குப் போவோம் என்று.

2025 நவம்பர் 22, பின்னேரம்

காரைதீவு கழகம் திட்டத்தை மாற்றியிருக்கிறது. ரோர்ச் லைட், ஒரு பல் டொக்டர், பிறகு சலக் கேள்விப் பத்திரம். குடும்பத்தில் கேன்சர் உள்ளவர்களின் பெயரைத் தனியே எழுதி டொக்டரிடம் அனுப்புவார்கள். கேள்விப் பத்திரத்தை நம்மவருக்கு விளங்கும்படி எழுதித் தரச் சொன்னார்கள். உலகம் முழுக்கப் பாவிக்கும் ஏழு கேள்விதான். போன ஒரு மாதத்தை வைத்துக் கேட்க வேண்டும்.

சலம் போய் முடிந்த பிறகும் உள்ளே மிச்சம் கிடக்கிற மாதிரி இருக்கிறதா? போய் இரண்டு மணித்தியாலத்துக்குள் மறுபடி போகிறீரா? விட்டு விட்டுப் போகிறதா? வந்தால் அடக்க ஏலாமல் ஓட வேண்டியிருக்கிறதா? தாரை மெலிந்துவிட்டதா? முக்க வேண்டியிருக்கிறதா? படுத்தால் விடிவதற்குள் எத்தனை தரம் எழும்புகிறீர்? ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து 5 வரை புள்ளி. கூட்டினால் 7 வரைக்கும் லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20உம் அதற்கு மேலும் கடுமை. 8 அல்லது அதற்கு மேல் என்றால் கிளினிக் துண்டு எழுதிக் கொடுங்கள். இது வீக்கத்தின் தொந்தரவை அளக்கும் பத்திரம், கேன்சரைக் கண்டுபிடிக்காது. அதைத் தாளின் தலையிலேயே பெரிதாக அச்சடியுங்கள், இல்லாவிட்டால் 3 வாங்கியவர் தனக்குக் கேன்சர் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார்.

எட்டாவதாக ஒன்றும் உண்டு, கூட்டலில் சேராது: மிச்சக் காலம் முழுக்கச் சலம் இப்படியேதான் போகும் என்றால் உமக்கு எப்படி? அதைக் கேட்கும்போது மகன்மாரையும் மருமகன்மாரையும் பந்தலுக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். அவர்கள் நின்றால் எல்லாக் கிழவரும் "எனக்கொரு குறையும் இல்லை" என்றுதான் சொல்வார்கள்.